உல்கும் உரிமையும்: தமிழ் அங்காடியில் அரசின் கை

தோற்றுவாய்

அங்காடி தன்போக்கில் நடக்க விடப்படவேண்டுமா, அரசு அதன் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்பது ஆட்சியாளரையும் பொருளியலாரையும் இரு கூறாகப் பிரித்து நிற்கும் வழக்கு. 1991 சூலைத் திங்களில், பி.வி. நரசிம்மராவ் தலைமை அமைச்சராகவும் மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் இருந்தபோது, தொழில் தொடங்குவதற்கான உரிமங்களுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. அன்று எழுந்த வாதம் இன்றும் அடங்கவில்லை. வாதிடுவோர் 1776இல் வெளிவந்த ஆடம் சுமித்தின் நூலிலிருந்தோ, 1867இல் முதற்பகுதி வெளிவந்த காரல் மார்க்சின் நூலிலிருந்தோ தொடங்குகின்றனர். தமிழ் படித்தவர்களாகிய நாம் அவ்வாதத்தில் பார்வையாளராகவே இருந்துவருகிறோம். சுங்கத்தையும் துலாக்கூலியையும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாட்டிலும் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்த ஒரு மொழியின் மாணாக்கர் இவ்வாறு ஒதுங்கி நிற்பது பொருந்துவதன்று.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளை நினைந்து பார்க்கும் அன்பர்களுக்கு ஒன்று புலனாகும். அவற்றில் வணிகர் வந்த இடங்களில் எல்லாம் பெரும்பாலும் கொடியவராகவே வந்தனர். செல்வம் வந்த இடங்களில் எல்லாம் பழியோடு வந்தது. ஆயினும் இம்மலரின் பின்பக்கங்களைப் புரட்டினால் நம் ஊர்த் துணிக்கடையும் பாத்திரக்கடையும் தந்த விளம்பரங்களைக் காணலாம். கவிதை வணிகரைப் பழிக்க, அக்கவிதைக்கான தாளை வணிகர் வாங்கித் தருகின்றனர். இம்முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. சங்கப் புலவர் காலத்திலேயே அதன் வேர் உண்டு. அங்காடிக்கும் அரசுக்கும் இடையில் உள்ள உறவைத் தமிழ்ச் சான்றுகள் எவ்வாறு காட்டுகின்றன என்பதையும், செல்வத்தைத் தமிழ்ப் புலவர் எந்தக் கண்கொண்டு நோக்கினர் என்பதையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவரும் வணிகரும்

சங்கத் தொகைகளைப் பாடியோர் பெயர்களை ஒருமுறை நோக்குவோம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆகியோர் பெயரிலேயே தொழில் நிற்கிறது. முன்னவர் தானியம் விற்றார். பின்னவர் துணி விற்றார். முல்லைப்பாட்டை இயற்றிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் ஒருவரின் மகன். பத்துப்பாட்டுள் ஒன்று ஒரு பொன்வணிகர் வீட்டில் வளர்ந்தவரால் பாடப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடல்களுக்கு வெளியேயும் சான்றுகள் உள. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டு வெள்ளறை நிகமத்தாரைக் குறிக்கிறது. நிகமம் என்பது வணிகர் குழு. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் துறவியர்க்குச் செய்த கொடை பொறிக்கப்பட்டுள்ளது. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் ஒரு பகுதி, கடைக்காரர்கள் தம் பொருளை ஈந்த செய்தியாகவே இருக்கிறது.

அதே காலத்தில் வணிகன் என்னும் சொல் வசையாகவும் ஆளப்பட்டது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, மறுமைப் பயனைக் கருதி அறத்தை விலைக்கு மாற்றும் வணிகன் அவன் அல்லன் என்கிறார். இது புறநானூற்று 134ஆம் பாடலின் கருத்து. 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைக் கொள்ள மறுக்கிறார். பொருளுக்காக மட்டும் வரும் வாணிகப் பரிசிலன் தாம் அல்லர் என்பது அவர் தந்த விடை.

இவ்விரு பாடல்களையும் வணிக வெறுப்பு எனக் கொள்வது பிழையாகும். பண்டம் விற்பதை இவை பழிக்கவில்லை. விற்கத்தகாத ஒன்றை விற்பதையே பழிக்கின்றன. அறமும் புலவரின் மதிப்பும் விலைக்கு உரியன அல்ல. மிளகும் துகிலும் விலைக்கு உரியன. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகக் கண்டவர்கள் சங்கப் புலவர்கள். நக்கீரர் 189ஆம் பாடலில், உலகாளும் வேந்தனுக்கும் உறக்கமின்றி வேட்டையாடும் ஏழைக்கும் உண்பதும் உடுப்பதும் ஓரளவே என்று காட்டி, செல்வத்தின் பயன் ஈதல் என முடிக்கிறார். செல்வம் வேண்டா என்பது அவர் கருத்தன்று. ஒருவர் கையிலேயே தேங்கிய செல்வம் பயன்தராமல் கழிந்துவிடும் என்பதே அவர் கவலை. பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் நன்றியில் செல்வத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர் இரண்டையும் முரணாகக் காணவில்லை.

புலிப்பொறியும் வில்லோர் காவலும்

உல்கு என்று பழந்தமிழ் வழங்கியதையே பிற்காலம் சுங்கம் என்றது. வேந்தனுக்கு உரிய பொருள்களைக் கூறும் குறளில் உல்கு இடம்பெறுகிறது. கடல்வழியும் தரைவழியும் வரும் பண்டங்களுக்கான இறை என்று அதற்குப் பரிமேலழகர் பொருள் உரைப்பார்.

உல்கினை விரிவாகப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையை அவர் காட்டுகிறார். கதிரவன் தேரிற் பூட்டிய குதிரைகளைப் போல ஓயாது உழைக்கும் அதிகாரிகள், கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் செல்லும் அளவிறந்த பண்டங்களுக்கு உல்கு கொண்டு, சோழரின் புலிப்பொறியை இட்டு அடுக்குகின்றனர். அதே பாட்டில் அந்நகரத்து வணிகரின் நடுவுநிலைமையும் பேசப்படுகிறது. தமக்குரிய பொருளையும் பிறர்க்குரிய பொருளையும் ஒன்றாக மதித்து, வாங்குவதில் கூடுதலும் விற்பதில் குறைவும் இன்றி விலையை வெளிப்படச் சொல்லி விற்பவர்கள் அவர்கள். அரசின் முத்திரையும் வணிகரின் நாணயமும் ஒரே பாட்டில் அருகருகே நிற்பது கருதத்தக்கது.

இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். அதில் தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுப் பெருவழி வருகிறது. பொதி சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகள் மிளகு மூட்டைகளோடு சாத்தாகச் செல்கின்றன. அவ்வழி உல்கு பெறும் வழி. வில்லேந்திய காவலர் கவர்த்த இடங்களில் இருந்து அதனைக் காக்கின்றனர். உல்கும் காவலும் இங்கு ஒரே தொடரில் இணைகின்றன. வணிகன் கொடுப்பது வழிக்கான விலை. அரசன் கொடுப்பது அவ்வழியின் அச்சமின்மை.

இவ்வொப்பந்தத்தில் அரசன் தவறினால் என்னாகும் என்பதற்கும் புலவர்கள் விடை வைத்துள்ளனர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த 184ஆம் புறப்பாட்டு எல்லோரும் அறிந்தது. சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே வயலில் புகுந்தால் வாய்க்குள் செல்வதினும் காலடியில் மிதிபடுவது மிகுதி. அரசு இறை கொள்வதை அப்பாட்டு மறுக்கவில்லை. கொள்ளும் முறையையே உசாவுகிறது. செங்கோல் ஏந்தியவன் வற்புறுத்திப் பொருள் கேட்பதை வேல் ஏந்திய வழிப்பறிக் கள்வனோடு ஒப்பிடும் கொடுங்கோன்மைக் குறளும் இவ்வழியதே.

அரசு முழுதும் விலகி நின்றால் அங்காடி தழைக்கும் என்பதற்கும் நம் இலக்கியம் இடந்தரவில்லை. சிலப்பதிகாரம் வணிகர் குடியின் காப்பியம். கோவலன் மதுரைக்குச் சென்றது ஒரு சிலம்பை விற்று, அதனை முதலாகக் கொண்டு வாணிகம் தொடங்குவதற்காக. விலைபேசச் சென்ற இடத்தில் பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் ஆராயாது ஆணையிட்டான். விற்க வந்தவனுக்குப் பண்டம் இருந்தது, உரிமை இருந்தது, அங்காடியும் இருந்தது. கேட்டு முடிவுசெய்யும் அறங்கூறவையம் மட்டும் அந்த நேரத்தில் இல்லை. ஒரு நகரம் எரிவதற்கு அது போதுமாயிற்று.

சுங்கம் தவிர்த்த சோழன்

முதற் குலோத்துங்கன் 1070 முதல் 1122 வரை ஆண்டவன். சுங்கம் தவிர்த்த சோழன் என்பது அவன் பெற்ற சிறப்புப் பெயர். பட்டங்களுள் பல போரில் வெட்டிய தலைகளையும் கொண்ட நாடுகளையும் சொல்வன. ஒரு வரியை விட்டுக்கொடுத்ததால் ஒரு மன்னன் பெயர் பெற்றமை தமிழ் வரலாற்றில் அரிய செய்தி.

அவன் காலத்து வாணிகச் சூழலை அறிந்தால் இதன் பொருத்தம் விளங்கும். 1077இல் அவன் சீனத்துக்கு 72 பேர் அடங்கிய தூதுக்குழுவை அனுப்பினான். 1090இல் கடாரத்து அரசனின் தூதர் வேண்டியதற்கு இணங்க, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு உரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். சிறிய லெய்டன் செப்பேடு இதனைக் கூறுகிறது. வங்கக் கடலின் இருகரையையும் வாணிகத்தால் பிணைக்க முயன்ற மன்னன் சுங்கத்தைத் தளர்த்தியதில் வியப்பில்லை.

இம்மன்னனின் புகழ்பாடும் கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் ஒரு செய்தி கூறுகிறார். பட்டினப்பாலையைப் பெறுவதற்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் அளித்தான் என்பது அது. சுங்கச் சாவடியைச் சிறப்பித்த பாட்டுக்குக் கிடைத்த பரிசிலைச் சுங்கம் தவிர்த்தவனின் அவைப்புலவர் போற்றுகிறார். ஆயினும் ஒரு வினா எழாமற் போகாது. புலவருக்கு வேந்தன் கொடுத்த பொன் எங்கிருந்து வந்தது? புலிப்பொறி இட்ட மூட்டைகளிலிருந்து வந்த உல்கும் அதில் கலந்திருக்கும். மிளகுக் கழுதையை ஓட்டியவன் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு பாட்டுக்கும் போயிற்று. நம் கலையின் வரவுசெலவுக் கணக்கை நாம் மறைத்து வைப்பதால் பயனில்லை.

வணிகர் தாமே விதித்த வரி

அரசன் சுங்கம் தவிர்த்ததால் வணிகர் எவ்வரியும் இன்றி இருந்தனரோ எனின், இல்லை. குலோத்துங்கன் அரியணையில் இருந்த 1088ஆம் ஆண்டிலேயே, சுமத்திரா தீவின் மேலைக் கரையில் பாரூசு என்னும் கருப்பூரத் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டது. அதனை வெட்டுவித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அத்துறைக்கு வரும் மரக்கலத் தலைவர் முதலியோர் கத்தூரி விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் செலுத்தியபின்னரே உள்ளே அடியெடுத்து வைக்கலாம் என்பது அதன் விதி. தமிழ் வேந்தனின் கோல் எட்டாத கடற்கரையில் வணிகரே கூடி வரி வகுத்தனர்.

இக்குழுக்கள் உள்நாட்டிலும் அவ்வாறே செய்தன. சிவகங்கைப் பகுதியின் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடைவை, மெழுகு, தேன், சந்தனம் எனப் பண்டம் பண்டமாக அடுக்கி, ஒவ்வொரு பொதிக்கும் கோயிலுக்குக் கொடுக்கவேண்டிய பங்கை வரையறுக்கிறது. விதித்தவரும் வணிகர், செலுத்தியவரும் வணிகர். பிற்காலத்தில் தென்பாண்டி நாட்டு வணிகர்கள் மகமை என்ற பெயரில் வளர்த்தது இம்முறையே. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை இத்தகைய மகமையால் நடந்தது. அங்குப் பயின்ற காமராசர் முதலமைச்சரானபின் 1956இல் அரசுச் செலவில் பள்ளிப் பகலுணவைத் தொடங்கினார். வணிகர் தாமே விதித்துக்கொண்ட வரியில் படித்த சிறுவன், நாட்டின் வரியில் பிற சிறுவர்க்குச் சோறிட்டான். தனியார் கொடையா அரசு முயற்சியா என்று நாம் பிரித்துப் பேசும் இரண்டும் ஒருவர் வாழ்வில் அடுத்தடுத்து நின்றன.

இவை எல்லாவற்றினும் மேலான சான்று 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளை அது கூறுகிறது. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் இரு வணிகக் குழுவினரும் நகரின் காவலில் பங்குபெறுகின்றனர். சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. அச்செப்பேட்டின் ஒரு விதி நாம் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது: தமக்கு அநியாயம் நேர்ந்தால் உல்கையும் துலாக்கூலியையும் தடுத்துவைத்துத் தம் குறையைத் தீர்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. வரி கொடுப்பவன் நீதி கிடைக்கும்வரை வரியை நிறுத்தலாம் என்று ஆட்சியாளனே செம்பில் எழுதிக் கொடுத்துள்ளான். வந்தேறிய வணிகருக்கும் வேற்றுச் சமயத்தாருக்கும் இவ்வுரிமை கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

மோட்டுப்பள்ளி அபய சாசனம்

ஆந்திரக் கரையில் உள்ள மோட்டுப்பள்ளிக்குக் கல்வெட்டில் தேசியுய்யக்கொண்ட பட்டினம் என்னும் தமிழ்ப் பெயர் வழங்கியது. தேசி வணிகர் உய்தி பெறும் ஊர் என்பது அதன் பொருள். பாரூசுக் கல்வெட்டும் அத்துறைமுகத்தை இதே பெயரால் குறிக்கிறது. மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டையொட்டி ஓர் அபய சாசனம் வெட்டுவித்தான்.

முன்னைய மன்னர்கள், புயலில் சிக்கித் தம் கரையில் ஒதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலிய அனைத்தையும் வலிந்து கவர்ந்தனர் என்று அச்சாசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. உயிரினும் பொருள் அரிதெனக் கருதிக் கடலின் இடரை ஏற்று வருவோர்க்கு இரங்கி, வரையறுத்த சுங்கம் ஒன்றைத் தவிரப் பிற எல்லாவற்றையும் தாம் விட்டதாகக் கணபதிதேவன் அறிவிக்கிறான். சந்தனம், கருப்பூரம், முத்து முதலியவற்றுக்கான தீர்வைகளும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளன.

பொருளுக்காக உயிரைப் பணயம் வைப்போரை அம்மன்னன் இகழவில்லை என்பதைக் காண்க. ஏளனம் செய்ய எளிதாகக் கிடைத்த இடத்தில் அவன் இரக்கம் காட்டினான். மேலும், வணிகருக்கு அவன் கொடுத்தது சுங்கமே இல்லாத கரையன்று. இவ்வளவுதான் சுங்கம் என்று முன்கூட்டியே தெரிந்த கரை. கலத்தைக் கட்டிப் புறப்படும்போதே கணக்குப் போட முடிந்தால் வணிகன் வருவான். கரைசேர்ந்தபின் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தே தன் முதல் நிற்கும் என்றால் அவன் வரமாட்டான். கணபதிதேவனின் மகள் ருத்திரமாதேவி ஆண்ட காலத்து நாட்டை மார்க்கோ போலோ இத்துறைமுகத்தின் பெயராலேயே குறித்து, அங்கு நெய்யப்பட்ட மெல்லிய துணியை வியந்து எழுதினார். கல்லில் எழுதிய உறுதிமொழி வீண்போகவில்லை.

காசுக்கு மூன்று நாழி

இதுவரை கூறியவற்றால் வணிகர் உரிமையே முடிந்த முடிவு என்று எவரேனும் கருதினால், 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரத்துக் கல்வெட்டை அவர் படிக்கவேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் காலம் அது. பஞ்சத்தில் காசுக்கு மூன்று நாழி என நெல்விலை ஏறியது. வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு மகளிரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டான்.

அந்த விற்பனையில் எவ்விதியும் மீறப்படவில்லை. விற்றவன் தானே விற்றான். வாங்கியவர் விலை கொடுத்தனர். ஆவணம் கல்லில் ஏறியது. அங்காடியின் இலக்கணம் முழுவதும் அங்கு நிறைவேறியிருக்கிறது. ஆனால் பசித்தவனுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. மூன்று நாழி நெல்லின் முன் அவனுடைய விருப்பம் என்பது பெயரளவில்தான். இந்த இடத்தில் அரசன் கை நீளவில்லை. சுங்கம் தவிர்த்த முன்னோனைக் கொண்டாடிய குடி, நெல்விலையைத் தடுக்கத் தவறிய பின்னோனைப் பற்றிப் பேசாமல் விட்டது. புலவர் எவரும் அத்தந்தையைப் பாடவில்லை. கல்தச்சனின் உளிக்குக் கிடைத்த செய்தி எழுத்தாணிக்குக் கிடைக்கவில்லை என்பது நம் மரபின் மேல் நிற்கும் குறை.

சுங்கம் போய் உப்பு வந்தது

கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சி இவ்வரலாற்றில் ஒரு பாடத்தைச் சேர்த்தது. சென்னை மாகாணத்தில் 1805இல் உப்புக் காய்ச்சுதலும் விற்றலும் கும்பினியின் தனியுரிமை ஆயின. 1844இல் உள்நாட்டில் பண்டங்கள் செல்லும் வழிகளில் வாங்கப்பட்ட சுங்கம் மாகாணம் எங்கும் நீக்கப்பட்டது. தடையற்ற வாணிகமே நாட்டுக்கு நலம் என்னும் கொள்கை இங்கிலாந்தில் ஓங்கி நின்ற காலம் அது. குலோத்துங்கனுக்குப்பின் தமிழகத்தில் நடந்த பெரிய சுங்கத் தவிர்ப்பு இதுவே எனலாம். ஆயினும் அதே ஆண்டில், இழந்த வருவாயை ஈடுகட்ட, உப்பின் விலை உயர்த்தப்பட்டது. துணிமூட்டையையும் மிளகு மூட்டையையும் விட்டு இறங்கிய பாரம் கூழில் இடும் உப்பில் ஏறியது. பெருவணிகனுக்கும் கூலியாளுக்கும் உப்புத் தேவை ஏறக்குறைய ஓரளவே ஆதலால், வரி குறைந்தோர் ஒருசாரார், வரி கூடியோர் மற்றொரு சாரார் ஆயினர்.

ஒரு சுங்கம் தவிர்க்கப்பட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம் அது எங்கே சென்று அமர்ந்தது என்று கேட்க வேண்டும் என்பதை 1844 கற்பித்தது. அந்த உப்புத் தனியுரிமையை எதிர்த்து 1930 ஏப்பிரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தவர் இராசாசி. நடந்தவர்களின் வாயில் இருந்தது நாமக்கல் கவிஞரின் பாட்டு. கடற்கரையில் தானாக விளையும் பொருளை அள்ளும் உரிமைக்காகத் தமிழ்க்கவிதை அன்று தெருவில் நடந்தது.

கட்டுப்பாடு நீங்கிய அரிசி

இராசாசியின் பிற்கால வாழ்வு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குப் பங்கீடும் கட்டுப்பாடும் வந்தன. 1943 வங்காளப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்த நிலையில் அதற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்தும் கட்டுப்பாடு தொடர்ந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்துக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுசெல்வது குற்றமாயிற்று. கள்ளச்சந்தை என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. 1952இல் முதலமைச்சரான இராசாசி அவ்வாண்டு சூன் திங்களில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். நடுவண் உணவமைச்சர் இரபி அகமது கித்வாய் அதற்குத் துணைநின்றார். அஞ்சியவாறு பஞ்சம் வரவில்லை. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1959இல் இராசாசி தொடங்கிய சுதந்திராக் கட்சி, அனுமதியும் உரிமமும் ஒதுக்கீடும் கொண்டு நடக்கும் ஆட்சியை எதிர்ப்பதையே தன் முழக்கமாகக் கொண்டது. வேதாரணியத்தில் அந்நிய அரசின் உப்புச் சட்டத்தை மீறியவர், சென்னையில் நம் அரசின் அரிசிச் சட்டத்தை நீக்கினார். இரண்டையும் ஒரே கொள்கையின் இரு செயல்களாக அவர் கருதியிருக்கக்கூடும்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி, திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டணி அமைத்தது. கழகம் அத்தேர்தலில் தந்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. வெற்றிக்குப்பின் அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. விலையை அங்காடிக்கு விட்டவரும் விலையை அரசே குறைக்க முனைந்தவரும் ஒரே மேடையில் நின்றது முரணாகத் தோன்றும். தமிழக வாக்காளருக்கு அது முரணாகப் படவில்லை. வணிகன் நெல்லைத் தடையின்றி விற்கட்டும், வாங்க இயலாதவனுக்கு அரசு கொடுக்கட்டும் என்ற இரண்டையும் அவர்கள் ஒருங்கே ஏற்றனர். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 2011 சூன் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. அரிசி மண்டியும் நியாயவிலைக் கடையும் ஒரே தெருவில் நடக்கின்றன. திருப்பாம்புரத்துத் தந்தைக்கு எண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது எனலாம்.

2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. நெடுஞ்சாலைகளில் சுங்கச் சாவடிகள் நிற்கின்றன. உருத்திரங்கண்ணனார் கண்ட உல்குடைப் பெருவழி மறையவில்லை. வழிக்கு விலை கொடுப்பவன், அவ்விலைக்கேற்ற காவலும் வழியும் உண்டா என்று கேட்கும் உரிமையும் மறையவில்லை.

நிறைவாக

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. அங்காடியா அரசா என்னும் வினாவைத் தமிழ்ச் சான்றுகள் அவ்வடிவில் எழுப்புவதே இல்லை. அவை எழுப்புவன வேறு வினாக்கள். வரி முன்கூட்டி அறியத்தக்கதா? இது மோட்டுப்பள்ளியின் வினா. வரிக்கு ஈடாகக் காவல் கிடைக்கிறதா? இது பெரும்பாணாற்றுப்படையின் வினா. கொடுப்பவனுக்கு மறுக்கும் உரிமை உண்டா? இது தரிசாப்பள்ளியின் வினா. தவிர்த்த வரி யார் தலையில் இறங்கியது? இது 1844இன் வினா. விலை ஏறும்போது ஏதுமற்றவன் கதி என்ன? இது திருப்பாம்புரத்தின் வினா. இவ்வைந்துக்கும் விடை சொல்லாத பொருளாதாரக் கொள்கை, எப்பெயரில் வந்தாலும், அரைகுறையானதே.

செல்வத்தைப் பற்றிய நம் மனப்பான்மைக்கும் இங்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நம்முள் கவிதை எழுதும் அன்பர்கள் கூலவாணிகன் சாத்தனாரை ஒருமுறை நினைந்து பார்க்கவேண்டும். மணிமேகலையின் ஆசிரியராக மரபு போற்றும் அவர் தானிய வணிகர். படியையும் மரக்காலையும் நாள்தோறும் கையாண்டவர்; பஞ்சத்தில் விலை எப்படி ஏறும் என்பதை நம் எல்லோரையும்விட நன்கு அறிந்தவர். அவர் படைத்த காப்பியத்தின் நடுவில் இருப்பது எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. அரசனிடம் மணிமேகலை கேட்டுப் பெற்றது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் வரம். திருப்பிச் செய்ய வல்லவர்க்குக் கொடுப்பது அறத்தை விலைபேசுவதே என்றும், ஏதுமற்றவரின் பசியைக் களைவதே மெய்யான வாழ்வு என்றும் அக்காப்பியம் வரையறுக்கிறது. முடமோசியார் வணிகரல்லாத ஒருவரைப் புகழச் சொன்ன கருத்தை, ஒரு வணிகரே தம் காப்பியத்தின் அறமாக வைத்தார்.

எது விற்பனைக்கு உரியது, எது உரியதன்று என்பதை அறிந்திருந்தமையால் அவர் கடையிலும் அமர்ந்தார், காப்பியமும் பாடினார். நம் கவிதைகளில் வரும் வணிகர் இனி வசைக்குரிய உருவமாக மட்டும் வரலாகாது. உப்பு வணிகனாக, கழுதைச் சாத்தனாக, புயலில் கலம் இழந்தவனாக, மகமை கொடுத்துப் பள்ளி கட்டியவனாக, பதுக்கியவனாக, கூலவாணிகன் சாத்தனாக அவர் வரவேண்டும். 1201இல் தன்னை விற்றுக்கொண்ட அந்தத் தந்தையும் வரவேண்டும். அவனைப் பாடும் கடன் எண்ணூறு ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் எவரேனும் அதனைத் தீர்ப்பாராக.